ஆளில்லாத கடல் என்று எழுதிய என் மகனுக்கு

ஜெரின்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனை உன் அப்பா கையில் கொடுத்துவிட்டேன். நான் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இது சம்மதமில்லை. பேசத் தொடங்கினால் நீ இடையில் புகுந்து எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவாய். சிரித்த பிறகு கோபத்தைத் திரும்பப் பிடிக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் தங்கை ஷைனி இதை உன் இணையப் பக்கத்தில், வாசிக்கிறவர்கள் கருத்து எழுதும் இடத்தில் போட்டுவிடுவாள். உன்னை நம்பிக் கடல் கடலாகப் பயணம் போகிறவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும். தெரியாதவர்களுக்கு நீயே மொழிபெயர்த்துச் சொல். ஒரு வரியையும் விட்டுவிடாதே.

நீ கேட்டதை நீ கேட்டபடியே இங்கே எழுதிவிடுகிறேன். "யம்மா, கச்சான் காத்து சீசனுக்கு ஒரு குரூப் வருது. வெளிநாட்டு ஆளுங்க. இந்தோனேசியாவா, மாலத்தீவா, நம்ம ஊரான்னு முடிவு பண்ணணும். வெதுவெதுன்னு தண்ணி வேணும், நல்ல அலை வேணும், கூட்டம் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வச்சுப் பாத்தா நம்ம ஊருதான் முதல்ல நிக்கி. நீ மேல்மாடியத் தந்தேன்னா அங்கனயே தங்க வச்சிருவேன். நீயே சொல்லும்மா, எங்க போலாம்?"

சேவியர் மாமா கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கி இன்னும் நாலு மாதம் ஆகவில்லை. இதை நீ என்னிடம் கேட்டாய். குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை. இரண்டு கடைகளில் எந்தக் கடையில் சேலை எடுக்கலாம் என்று கேட்கிற மாதிரி கேட்டாய்.

உன் தொழிலைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. சென்னையில் வேலைக்குப் போன இடத்தில் அலைமேல் பலகை வைத்து நிற்கக் கற்றுக்கொண்டாய். வேலையை விட்டாய். உலகத்தில் வெப்பமான கடல் இருக்கிற இடமெல்லாம் போய், எங்கே அலை நன்றாக உடைகிறது, எந்த மாதத்தில் காற்று ஒத்துவருகிறது, எங்கே கூட்டம் இல்லை என்று எழுதி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறாய். உன் அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான் நாசரேத்துக்குத் தினமும் பஸ் ஏறிப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கடற்கரையில் வீடு இருந்தும் எங்கள் இருவருக்கும் கடலோடு பிழைப்பு இல்லை. எங்கள் வீட்டுக்குக் கடல் என்றால் அது என் தம்பி சேவியரும் அவன் படகும்தான். அதனால் நீ கடலுக்குள் இறங்கி ஒரு தொழில் கண்டுபிடித்தபோது, மற்றவர்கள் கேலி செய்தாலும் நான் செய்யவில்லை. உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்று உன் படத்தைக் கண்டவரிடமெல்லாம் காட்டினார். நான் காட்டவில்லை, ஆனால் என் போனிலும் அந்தப் படம் இருந்தது.

அப்பா ஓய்வு பெற்றதும் எங்கள் இருவரையும் இலங்கையின் கிழக்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அதை நினைத்துப் பார். உன் பயணக் கூட்டத்தோடு எங்களையும் சேர்த்துக்கொண்டாய். வளைந்த கரை, நீளமான அலை, கரை முழுக்க ஹோட்டல். காலையில் தண்ணீருக்குள் பார்த்தால் அலையைவிடத் தலைகள் அதிகம். ஒரே அலைக்கு ஏழெட்டுப் பேர் ஏறி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு விழுந்தார்கள். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டே வெளியே வந்தாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரொட்டிக் கடை. கடைக்காரப் பெண் தலையில் முக்காடு போட்டிருந்தாள், என் வயது இருக்கும். நான் தமிழில் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. வெளிநாட்டில் தமிழ் கேட்ட சந்தோஷத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். நீ பக்கத்து நாற்காலியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாய்.

"முந்தி எங்கட வீடு அந்தா, அந்தப் பெரிய ஹோட்டல் இரிக்கிற இடத்துல" என்று கை நீட்டிக் காட்டினாள். "தோணி எல்லாம் வாசலுக்கு நேரே இழுத்து வெக்கிற."

"பிறகு என்ன ஆச்சு?"

"முதல்ல ஒராள் ரெண்டு பேர் வந்தாங்க. நல்ல பிள்ளைகள். எங்கட வீட்டுலதான் சோறு தின்றாங்க. கூட்டம் இல்லாத இடமெண்டு போய்ச் சொல்லிரிக்காங்க. பிறகு கூட்டம் வந்திட்டு. காணி வித்தம். இப்ப ரோட்டுக்கு இங்கால இரிக்கம். தோணி வெக்க மூலையில ஒரு துண்டு இடம் இரிக்கி."

"கோபம் வரலையா?"

அவள் தட்டிய மாவைக் கல்லில் போட்டாள். "யாவாரம் நல்லம். ஆனா கடலப் பாக்கோணும் எண்டா இப்ப நடந்து போகோணும்" என்றாள்.

வேனில் திரும்பினோம். நீதான் பேசினாய். "அந்த அக்கா சொன்னது சரிதாம்மா. இந்த இடம் முடிஞ்சு போச்சு. வேற இடம் பாக்கணும்." நான் அன்றைக்கு உன்னைப் பற்றிச் சந்தோஷப்பட்டேன். பையனுக்கு மனசில் பட்டிருக்கிறது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் பிள்ளைகளின் வாக்கியத்துக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தவளுக்கு, தான் பெற்ற பிள்ளையின் ஒரு வாக்கியம் விளங்கவில்லை. அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். நீ உன் அலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். அவள் சொன்னதில் உனக்குத் தேவையான ஒரே செய்தி, அந்த இடம் இனிமேல் உதவாது என்பது மட்டும்தான்.

அடுத்த இடம் நம் ஊர் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீ எழுதினதே போதும்.

ஷைனி கல்யாணம், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் வந்தது. தெற்கிலிருந்து அலை எழுந்து பாறைக்கு வெளியே நீளமாக உடைகிற காலம். பிறந்ததிலிருந்து பார்த்த அலைதான், ஆனால் உனக்கு அப்போதுதான் கண் திறந்தது. கல்யாணத்துக்கு மறுநாள், விருந்துப் பாத்திரம் கழுவி முடியவில்லை, உன் பலகையோடு கரைக்குப் போனாய். நானும் அப்பாவும் பின்னாலேயே வந்தோம். நீ அலைமேல் எழுந்து நின்று பாறை ஓரமாகவே வளைந்து வந்தாயே, பொய் சொல்லமாட்டேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்பா கைதட்டினார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். சேவியர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். "யக்கா, பாத்தியா. நம்ம பய அலமேல நிக்கான்."

அன்றைக்குச் சாயங்காலம் அவன்தான் உன்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு அலைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கடலுக்குள் எங்கெங்கே கல் இருக்கிறது, வெள்ளம் என்று நாம் சொல்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், பெரிய அலை வருவதற்கு முன்னால் தண்ணீர் எப்படிக் கறுக்கும் என்று எல்லாவற்றையும் காட்டினான். பாறைக்கும் பாறைக்கும் நடுவே படகுகள் உள்ளே வருகிற வழியையும் காட்டினான். வேறு வழி கிடையாது, இரண்டு பக்கமும் கல், கச்சான் காலத்தில் இந்த ஒரு சந்துதான் என்று சொல்லியிருக்கிறான். அவனே என்னிடம் வந்து சொன்னான், "பய எல்லாத்தையும் கேட்டு வாங்கிக்கிடுதாங்க்கா, நல்ல புத்தி" என்று. அவனுக்குப் பிள்ளை இல்லை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நீ எழுதினதை நான் வாசித்தேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிட்டாய் போல. "யாரும் இன்னும் கண்டுபிடிக்காத அலை. தண்ணீரில் ஒரு ஆள் கிடையாது." கல் இருக்கிற இடம், வெள்ளம் இழுக்கிற பக்கம், தண்ணீர் கறுப்பது, எல்லாம் இருக்கிறது. சேவியர் சொன்னது ஒன்றுவிடாமல் இருக்கிறது. படகு வருகிற சந்தும் இருக்கிறது, எப்படி என்றால், பலகையோடு சுலபமாக வெளியே போக உதவும் வழி என்று. அது எதற்கான வழி, யாருடைய வழி என்பது மட்டும் இல்லை.

ஒரு ஆள் கிடையாது என்று எப்படியடா எழுதினாய்? அலை உடைகிற இடத்துக்கு நேர் வெளியே விடியுமுன்னே வலை போட்டுக்கொண்டு நம் ஊர்ப் படகு பாதி நிற்கிறது. கரையில் ஏலம் நடக்கிறது, ஐஸ் பெட்டியோடு வண்டி நிற்கிறது, பெண்கள் மீன் பிரிக்கிறார்கள், நான் அங்கே பையோடு நிற்கிறேன். உன் கண்ணுக்குப் பலகை வைத்திருப்பவன் மட்டும்தான் ஆளா? இந்தக் கடலில் முத்து எடுத்த காலத்தில் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நம்மைப் பிடுங்கித் தின்றார்கள். ஆனால் அவர்கள்கூட இங்கே ஆளில்லை என்று எழுதவில்லை. மூழ்கி எடுக்க ஆள் வேண்டுமென்று நம்மைத் தேடி வந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த நாம் உன் கண்ணுக்குத் தெரியவில்லை.

வரத் தொடங்கினார்கள். முதலில் ஒருவர் இருவர். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, பிறகு வெள்ளைக்காரர்கள். கோயில் பக்கத்துக் காலி இடத்தில் வேன்கள் நின்றன. டீக்கடை அண்ணாச்சிக்கு வியாபாரம் கூடியது, அதை நான் மறைக்கவில்லை. இரண்டு பெண்கள் நம் வாசலுக்கே வந்து போனை நீட்டி, இந்தக் கூட்டமில்லாத கடற்கரை எங்கே இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டார்கள். போனில் உன் பக்கம். நான் இன்னும் மரியாதையாக, நேராகத் திருச்செந்தூருக்குப் போங்கள், கோயிலுக்கு முன்னால்தான் அந்தக் கடல் என்று வழி சொல்லி ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தேன். கந்தசாமியைக் கும்பிட வந்த ஜனங்கள் அத்தனை பேரும் முழுகுகிற இடத்தில் அவர்கள் பலகையோடு போய் நின்றிருப்பார்கள். உன் அப்பா என்னை வைதார். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஆனால் வருகிற எல்லோரையும் நான் ஆட்டோவில் ஏற்றி அனுப்ப முடியுமா? ஆடி மாதத்தில் ஒரு நாள், காலை வெயில் ஏறின நேரம், படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நான் வழக்கம்போல் கரையில் நின்றேன். சேவியர் படகு அலைக்கு வெளியே வந்து காத்துக்கொண்டு நின்றது. பெரிய அலைகள் போகட்டும் என்று விட்டு, ஒன்றின் முதுகில் ஏறிச் சந்துக்குள் வரவேண்டும். ஏறிவிட்டால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பின்னால் வருகிற அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். இது அவன் உனக்குச் சொன்னதுதான். அவன் ஏறிவிட்டான். அப்போது சந்துக்குள்ளிருந்து ஒரு பையன் பலகையில் குப்புறப் படுத்துக் கைபோட்டுக்கொண்டு வெளியே வந்தான். நீ சுலபமான வழி என்று எழுதிய அதே வழியில்.

கரையில் நின்ற எல்லோரும் கத்தினோம். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. சேவியர் நேராக வந்திருந்தால் படகு பத்திரமாகக் கரை ஏறியிருக்கும், அந்தப் பையன் போயிருப்பான். சேவியர் சுக்கானைத் திருப்பினான். படகு குறுக்கே விழுந்தது. அடுத்த அலை அதை அப்படியே கவிழ்த்தது. கூட இருந்த இருவரும் தெறித்து விழுந்து நீந்தினார்கள். சேவியர் எஞ்சினோடு சேர்ந்து அடியில் போனான். கல்லுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அவன் வலது கால். ஊரே தண்ணீருக்குள் இறங்கி அவனை வெளியே இழுத்தது. மணலில் படுக்கவைத்தபோது அவன் நினைவோடுதான் இருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பய மேல பட்டுட்டாக்கா?"

படவில்லை. அந்தப் பையன் மணலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். உன்னைவிடச் சின்னவன். ஊர்ப் பையன்கள் அவனை அடிக்கப் போனார்கள், நான் குறுக்கே நின்றேன். அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "இங்க யாரும் இருக்க மாட்டாங்கன்னு போட்டிருந்துச்சு ஆன்ட்டி. யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான் போட்டிருந்துச்சு." அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படித்ததை நம்பி வந்த பிள்ளை. எழுதினவன் நீ.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் தொடையெலும்புக்குக் கம்பி வைத்தார்கள். முட்டி இனிமேல் மடங்காது. மடங்காத காலோடு ஆடுகிற படகில் நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்போதுதான் உன் போன் வந்தது. நான் வராந்தாவில் நின்று எடுத்தேன். நீ முதலில் என்ன கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "அந்த சர்ஃப் பண்ண வந்த பையனுக்கு ஒண்ணும் ஆகலையே?" மாமாவைப் பற்றி அடுத்ததாகத்தான் கேட்டாய். சேவியரும் அதே கேள்வியைத்தான் கேட்டான் என்று நீ சொல்லலாம். அவன் தன் காலைக் கொடுத்துவிட்டுக் கேட்டான். நீ உன் பக்கத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று கேட்டாய். நான் உன் தாய், உன் குரல் எனக்குத் தெரியாதா?

ஊருக்கு வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. கட்டில் அருகே ஆப்பிள் பையை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்தாய். விபத்தும்மா, யாரும் வேணும்னு செய்யல என்றாய். வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொன்னேனா? திரும்பிப் போய் உன் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாய். "உள்ளூர் மீனவர்கள் சில சமயம் முரட்டுத்தனமாக இருப்பார்கள். சிரித்து வணக்கம் சொன்னால் நட்பாகிவிடுவார்கள்." மாமா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இதை எழுதினாய். என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். விபத்தை மன்னித்துவிடுவேன். அதற்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து நீ தேர்ந்தெடுத்த அந்த வார்த்தையை மன்னிக்கமாட்டேன். முரடர்கள். உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவனுக்கு நீ வைத்த வார்த்தை.

பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில். பலகையோடு யாரும் இந்தக் கரையில் இறங்கக் கூடாது என்று எழுந்து சொன்னவள் நான். டீக்கடை அண்ணாச்சி தயங்கினார். சில இளவட்டங்கள், வீடு வாடகைக்கு விடலாமே, நாமளும் ரெண்டு காசு பாக்கலாமே என்றார்கள். அப்போது பின்னாலிருந்து ஒருவர் சொன்னார், "டீச்சர், எழுதிப் போட்டதே ஒங்க மவந்தான. அவன முதல்ல நிறுத்துங்க, பெறவு ஊரை நிறுத்தலாம்." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்கு எனக்காகப் பேசியது யார் தெரியுமா? கம்பை ஊன்றி எழுந்தது சேவியர். "அக்காவ ஒண்ணும் சொல்லாதிய. பய தெரியாம எழுதிட்டான். வாரவன் வரட்டும், படகெல்லாம் கரையேறின பெறகு எறங்கட்டும். அந்தச் சந்துப் பக்கம் வரக் கூடாது, தெக்கால போட்டும். அவ்வளவுதான்." ஊர் அதையே தீர்மானம் என்று எழுதிக்கொண்டது. நான் எதிர்த்தேன், தோற்றேன். வருகிறவர்களுக்கு நேரம் சொல்லவும் சந்துக்குள் யாரும் போகாமல் பார்க்கவும் கரையில் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். கடலுக்குப் போக முடியாதவன் அவன் ஒருவன்தானே. இப்போது சேவியர் ஒரு தார்ப்பாய் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசில் ஊதி, சிவப்புத் துணி ஆட்டுகிறான். படகைத் தம்பி முறை ஆகிற ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். அந்தப் படகு உள்ளே வரும்போது மட்டும் எழுந்து நிற்கிறான், கம்பு இல்லாமல் நிற்கப் பார்க்கிறான்.

இனி உன் கேள்விக்குப் பதில். எங்கே போகலாம்? இந்தோனேசியாவுக்குப் போ, மாலத்தீவுக்குப் போ, பூமியில் வேறு எங்கே வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கிறதோ அங்கே போ. இங்கே வராதே. மேல்மாடி கிடையாது. உன் விருந்தாளிகளுக்கு என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கிடையாது. ஆனால் எங்கே போனாலும் இதைச் செய். பலகையைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, ஒரு வாரம் காலையில் கரையில் போய் நில். எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், எதை எடுத்துக்கொண்டு எந்த வழியாகப் போகிறார்கள், எந்த வழியாகத் திரும்பி வருகிறார்கள் என்று பார். நீ காற்றுப் படமும் அலைப் படமும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறாய். அதில் மனிதன் தெரியமாட்டான். கூட்டமில்லாத கடல் என்று ஒன்று நீ தேடுவது, உன்னைப் போன்றவன் இன்னும் வந்து சேராத கடலைத்தான். நீ போய்ச் சேர்ந்த அன்றைக்கு அது இல்லாமல் போகிறது. அப்புறம் அந்த ஊர்க்காரர்களிடமே வந்து, இங்கே நெரிசலாகிவிட்டது என்று முகம் சுளிக்கிறாய். இது உனக்கே சலிக்கவில்லையா?

நம் ஊரைப் பற்றி நீ எழுதின பக்கத்தை எடுத்துவிடு. கச்சான் காற்று தொடங்குவதற்கு முன்னால் எடு. எடுத்தாலும் வந்தவர்கள் வருவார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் எடு. எடுத்துவிட்டு, தனியாக, வெறுங்கையோடு வா. ஆப்பிள் வாங்கிக்கொண்டு வராதே. நேராகச் சேவியர் வீட்டுக்குப் போ. அவன் உன்னைத் திட்டமாட்டான், அதுதான் உனக்குத் தண்டனை. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வா, நான் திட்டுகிறேன்.

இன்னொன்று இருக்கிறது. போன வாரம் உன் பக்கத்தைத் திறந்தேன். புதுப் படம் போட்டிருக்கிறாய். தார்ப்பாய் நிழலில் சேவியர், வாயில் விசில், கையில் சிவப்புத் துணி. வந்து போன யாரோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். படத்துக்கு அடியில், "நட்பான உள்ளூர்வாசி" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய். போனை வீசியெறியப் பார்த்தேன். அந்நேரம் பார்த்து அவனே வந்துவிட்டான், என்னக்கா பாக்க என்று. மறைக்க நேரமில்லை, வாங்கிப் பார்த்தான். படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றான். "நம்ம ஜெரினா போட்டிருக்கான்?"

"ஆமா."

"கீழ என்னமோ எழுதியிருக்கே, என்னக்கா?"

"சேவியர் மாமான்னு எழுதியிருக்கான்" என்றேன்.

அவன் அந்த ஆங்கில எழுத்துகள்மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தான். பிறகு போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படகு வருகிற நேரம் என்று கம்பை எடுத்துக்கொண்டு போனான்.

உன் பொருட்டு நான் அவனிடம் பொய் சொல்லியிருக்கிறேன், ஜெரின். பக்கத்தை நீ எடுப்பதற்கு எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும் அந்த இடத்தில் அவன் பெயரை எழுதி வை. இன்றைக்கே எழுது. நாளைக்கு அவன் யாரையாவது விட்டு வாசிக்கச் சொல்லலாம்.

அம்மா